மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடலாமை கேக்: திருகோணமலை வெயிலில் வீட்டில் செய்ய முடியுமா?

உப்புவெளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகனுக்கு ஜூன் மாதம் 3 வயது. நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போய் வந்த நாளிலிருந்து வீட்டில் கடலாமைப் பேச்சுத்தான், அதனால் பிறந்தநாளுக்கு ஆமை கேக் செய்ய ஆசை. இதுவரை சாதாரண பட்டர் கேக் மட்டும்தான் செய்திருக்கிறீர்கள், வீட்டில் இருப்பது சின்ன ஓவனும் கை பீட்டரும். ஃபொண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்துகிற சீனிப் பசை) வாங்கவேண்டுமா, கடலுக்கு நீலக் கலர் எவ்வளவு போடலாம், பின்னேரம் 5 மணி வரைக்கும் கேக் நிற்குமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நம்முடைய வெயிலில் உருகி வழியாத, பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துவருகிற, பார்த்தவுடன் "ஆமை!" என்று அவன் கத்துகிற ஒரு கேக்கை, கடையில் போய் பெரிய சாமான் எதுவும் வாங்காமல் செய்ய முடியுமா? முடியும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கிற படத்தைக் கொஞ்சம் மாற்றவேண்டும்.

நான் திருகோணமலை நகரத்தில் 14 வருடமாக வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறேன், அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு பேக்கரியில் நின்று பழகினேன். தொடங்கின காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் மற்றது விளங்கும். ஜூலை மாதம், கச்சான் காற்று அனலாக வீசுகிற ஒரு நாள், நிலாவெளியில் ஒரு வீட்டுக்கு மூன்று தட்டுக் கேக். மேலிருந்து கீழ்வரை நீலப் பட்டர் ஐசிங், அதில் பதினாறு மீன்கள் ஒட்டியிருந்தேன். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன், தூரமும் பதினைந்து கிலோமீற்றர் அளவுதான். இறங்கிப் பார்க்கும்போது மீனெல்லாம் அடியில் கிடந்தன, நீலம் பலகையில் ஓடியிருந்தது. அந்தப் பிள்ளை பெட்டிக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் போய் நின்றுகொண்டது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் படத்தை முதலில் யோசிப்பதில்லை. எந்த ஐசிங் அந்த நாளின் வெயிலைத் தாங்கும் என்று முதலில் முடிவு செய்வேன், அந்த ஐசிங்கால் எது வருமோ அந்தப் படத்தைப் பிறகு தேடுவேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஏனென்றால் பட்டர் உருகுவது 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள். நம் ஊரில் ஜூன், ஜூலையில் பகல் வெப்பமே 34, 35 பாகை. ஐசிங் சீனி கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும், ஆனால் சுத்தப் பட்டரில் அடித்த ஐசிங் நம் விறாந்தையில் அரை மணி நேரத்துக்கு மேல் உருவத்தோடு நிற்காது. அடித்த பாற்கிரீம் அதைவிட மோசம், அது ஃபிரிட்ஜ் குளிரிலேயே இருக்கவேண்டிய சாமான். ஃபொண்டன்ட் உருகாதுதான், அதனால்தான் கடைக் கேக்குகளில் அதைப் பார்க்கிறீர்கள். ஆனால் அது சீனி, சீனி ஈரத்தை இழுக்கும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் கடற்கரைக் காற்று பட்டவுடன் வியர்த்து, தொட்டால் பிசுபிசுத்து, கலர் வழிய ஆரம்பிக்கும். முதல்தரம் செய்கிறவருக்கு அதைக் கிழியாமல் வளைவான மேற்பரப்பில் போர்த்துவதும் சுலபமில்லை, கடைசியில் பிள்ளைகள் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே ஃபொண்டன்ட் வேண்டாம்.

உங்கள் ஆமைக்கு நான் சொல்வது கனாஷ், அதாவது சொக்கலேட்டையும் கிரீமையும் சேர்த்துச் செய்கிற பூச்சு. குளிர் நாட்டுக் குறிப்புகளில் இரண்டையும் சம அளவு போடச் சொல்லுவார்கள். அது நமக்குச் சரிவராது, சொக்கலேட் கிரீமைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். 400 கிராம் சொக்கலேட்டுக்கு 180 கிராம் கிரீம் என்று வையுங்கள். கறுப்புச் சொக்கலேட் மட்டும் போட்டால் பிள்ளைக்குக் கசக்கும், பாதி மில்க் சொக்கலேட் சேருங்கள். அப்படிச் சேர்த்தால் கிரீமை 160 கிராமாகக் குறையுங்கள், ஏனென்றால் மில்க் சொக்கலேட் இளக்கமாகத்தான் இறுகும். கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, பொடியாக வெட்டிய சொக்கலேட்டின் மேல் ஊற்றி, மூன்று நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்குங்கள். ஒரு இரவு மூடி வைத்தால் மாஜரீன் பதத்துக்கு வரும், பூசுவதற்கு அதுதான் பதம். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற குக்கிங் சொக்கலேட்டில் கொக்கோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், ருசி கொஞ்சம் குறைவு, ஆனால் நன்றாக இறுகும், வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். கனாஷும் நேர் வெயிலில் வைத்தால் இளகத்தான் செய்யும். ஆனால் நிழலில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் நிற்கும், கொஞ்சம் இளகினாலும் ஆமை ஓட்டின் உருவம் கெடாது.

இப்போது படத்துக்கு வருவோம். கனாஷ் தானாகவே மண்ணிறம். ஆமையோடும் மண்ணிறம். அப்படியென்றால் ஆமையை நீலக் கடலில் நீந்த விடாமல், முட்டையிட மணலுக்கு ஏறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள், கலர் போடவேண்டிய வேலையே முக்கால்வாசி இல்லாமல் போய்விடும். மணலுக்கு மாரி பிஸ்கட்டைத் தூளாக்கித் தூவினால் போதும், நிலாவெளி மணலின் நிறமேதான். முட்டைகளுக்கு உலர்ந்த தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க்கில் பிசைந்து சின்னச் சின்ன வெள்ளை உருண்டை பிடிக்கலாம். மெதுவான உருண்டை, வாயில் போட்டவுடன் உதிரும், பிள்ளைகள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நீலம் வேண்டும் என்று அவன் ஒரே பிடியாக நின்றால், பலகையின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு அலை வையுங்கள். பட்டர் மஞ்சள், அதில் நீலம் சேர்ந்தால் பச்சைதான் வரும், அதற்காக இன்னும் இன்னும் நீலம் ஊற்றித்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். பட்டரை வெள்ளையாகும்வரை நன்றாக அடித்துவிட்டு, கலரை ஊசிமுனையளவு ஊதாவோடு சேர்த்துப் போட்டால் மஞ்சள் அடங்கும். தண்ணீராக இருக்கிற கலரைவிட ஜெல் கலர் நல்லது, கொஞ்சம் போட்டாலே போதும், ஐசிங்கும் இளகாது. வெளிறிய நீலத்தில் நிறுத்துங்கள், சில மணி நேரத்தில் அது தானாகவே ஒரு படி கூடும். வேலியில் நீலச் சங்குப்பூ இருந்தால் நாலைந்து பூவை ஒரு மேசைக்கரண்டி சுடுநீரில் ஊறவைத்த சாற்றிலும் இளநீலம் எடுக்கலாம், ஆனால் தேசிக்காய்ச் சாறு ஒரு துளி பட்டாலும் ஊதாவாக மாறும். இந்தத் தண்ணீர்க் கலர் எதையும் உருக்கிய சொக்கலேட்டில் விட்டுவிடாதீர்கள், ஒரு துளி பட்டாலே அது கட்டிபட்டுப் போகும்.

கலர் பிள்ளைக்குக் கெடுதலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது, இன்னும் விவாதமாக இருப்பதும் இருக்கிறது. 2007இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 3 வயதுப் பிள்ளைகளையும் 8, 9 வயதுப் பிள்ளைகளையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். டார்ட்ரசின், சன்செட் யெலோ போன்ற சில செயற்கை நிறங்களும், உணவைக் கெடாமல் வைக்கப் போடுகிற சோடியம் பென்சோவேட்டும் கலந்த பானம் குடித்த பிள்ளைகளிடம் ஓரிடத்தில் இருக்கமுடியாத துடிப்பு கொஞ்சம் கூடியதைக் கண்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2010இலிருந்து அப்படியான ஆறு நிறங்கள் உள்ள உணவுகளில் எச்சரிக்கை வாசகம் போடவேண்டும் என்று ஆக்கியது. இவ்வளவும் உறுதி. ஆனால் அந்த விளைவு சின்னது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரேமாதிரி வரவில்லை, எந்த நிறம் காரணம் என்று பிரித்துச் சொல்லவும் அந்த ஆய்வால் முடியவில்லை. அதனால் பிறந்தநாளன்று ஒரு துண்டு சாப்பிட்டதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். கலர் இல்லாமலே அழகாக வருகிற இடத்தில் எதற்குப் போடுவான் என்பதும் என் அபிப்பிராயம்தான்.

ஆனால் மினுக்குத் தூள் விஷயம் வேறு, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஆறு பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். கேக்கில் பூசியிருந்த இளஞ்சிவப்புத் தங்கநிறத் தூளைச் சோதித்தபோது அது கிட்டத்தட்ட முழுக்கச் செம்புத் தூளாக இருந்தது. பெட்டியில் "நச்சில்லாதது" என்று போட்டிருந்தால் அது சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. "உண்ணத்தக்கது" என்று எழுதி, என்னென்ன சேர்த்தது என்ற விவரமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் தொடவேண்டாம். ஆமை ஓடு மினுங்கவேண்டுமென்றால் கனாஷின் மேல் சூடாக்கிய கரண்டியின் பின்பக்கத்தால் ஒருதரம் தடவுங்கள், ஈர ஓடுமாதிரி பளபளக்கும்.

சரி, கேக். உங்களுக்குப் பட்டர் கேக் செய்யத் தெரியும் என்றபடியால் பாதி வேலை முடிந்தது, உருவம் வெட்டுவதற்குப் பஞ்சு கேக்கைவிட பட்டர் கேக்தான் நல்லது, உதிராது. 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, 5 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி வெனிலா, பதம் பார்த்து இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால். மா நம் சீனக்குடா ஆலையில் அரைக்கிற பிறிமா மாவாகத்தான் அநேகமாக இருக்கும், அது எல்லா வேலைக்கும் பாவிக்கிற மா என்பதால் 30 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கோர்ன்ஃபிளவர் சேர்த்துச் சலித்தால் கேக் மெதுவாக வரும். பேக்கிங் பவுடர் பழையதா என்று பார்க்க, ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள். பொங்காவிட்டால் வேறு வாங்குங்கள், நம் காற்று ஈரத்தில் திறந்து வைத்த டின் சீக்கிரம் செத்துவிடும்.

நம் ஊரில் பட்டர் கேக் கனத்துப்போவதற்கு முக்கிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் குறிப்புகளில் எழுதமாட்டார்கள். "பட்டரை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்" என்று எழுதியிருக்கும். அதை எழுதினவரின் அறை 20 பாகை. நம்முடைய குசினி 32. அந்தச் சூட்டில் பட்டர் எண்ணெயாகிவிடும், எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்றைப் பிடிக்காது, காற்று இல்லாவிட்டால் கேக் எழும்பாது. ஆகவே பட்டரைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் அடிக்கத் தொடங்குங்கள். விரலால் அமத்தினால் பள்ளம் விழவேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக்கூடாது. அடிக்கும்போது இளகினால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைத்து அடியுங்கள். விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்குச் செய்தால் இந்தச் சிரமமே இல்லை, நான் இந்த மாதங்களில் அந்த நேரத்தில்தான் செய்கிறேன்.

ஆமைக்கு வட்டத் தட்டு வேண்டாம். வாய் 8 அங்குலம் அகலமான, அடி உருண்டையான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று எடுங்கள், சோறு போடுகிற கிண்ணம் போதும். உள்ளே பட்டர் பூசி, மா தூவி, அடியில் மட்டும் உள்ளங்கையளவு எண்ணெய்த் தாள் வட்டம் ஒன்று வைத்து, முக்கால் பங்குக்குக் கூடாமல் கலவையை ஊற்றுங்கள். ஆழமான பாத்திரம் என்பதால் நடுப்பகுதி கடைசியில்தான் வேகும், ஆகவே சூடு குறைவாக, 150 முதல் 160 பாகையில், கீழ்த்தட்டில் வையுங்கள். எனக்கு 65 முதல் 75 நிமிடம் எடுக்கும். உங்கள் ஓவனை நான் பார்த்ததில்லை, சின்ன ஓவன்களில் குமிழில் காட்டுகிற சூட்டுக்கும் உள்ளே இருக்கிற சூட்டுக்கும் 20 பாகை வித்தியாசம் சர்வசாதாரணம், ஆகவே இந்த நேரத்தை அப்படியே நம்பாமல் 55ஆவது நிமிடத்தில் இருந்து ஈர்க்கு குத்திப் பாருங்கள். நடுவில் குத்தி ஒட்டாமல் வரவேண்டும். மேல் சிவந்து நடு வேகாமல் இருந்தால் வெள்ளிப் பேப்பரால் தளர்வாக மூடிவிடுங்கள். முடிந்தால் பிறந்தநாளுக்கு ஒரு கிழமை முன்னர் பாதி அளவில், சின்னக் கிண்ணம் ஒன்றில் ஒருதரம் செய்து பாருங்கள், உங்கள் ஓவனின் குணம் அதில் தெரிந்துவிடும்.

கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 2022இன் மின்வெட்டை அனுபவித்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பயம் மனதில் இருக்கும். பத்து நிமிடம் என்றால் ஓவன் கதவைத் திறக்காமல் விடுங்கள், உள்ளிருக்கிற சூடு தாங்கும். அதற்கு மேல் போகும்போல இருந்தால், அடி கனமான பெரிய சட்டியில் ஒரு அங்குல உயரத்துக்கு மணல் பரப்பி, மேலே ஒரு சின்னத் தாங்கி வைத்து, மூடி கால் மணி நேரம் சூடாக்கி, அதற்குள் கேக் பாத்திரத்தை இறக்கிச் சின்ன நெருப்பில் வையுங்கள். மூடியின் மேல் கொஞ்சம் சிரட்டைத் தணல் போட்டால் மேற்பக்கமும் நன்றாக வேகும், நம் அம்மம்மாமார் அப்படித்தான் கேக் சுட்டார்கள்.

கேக் ஆறி, ஒரு இரவு மூடி வைத்த பிறகு வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் நொறுங்கும். எழும்பின மேற்பகுதியை மட்டமாகச் சீவினால் அதுதான் ஆமையின் வயிறு. கவிழ்த்துப் பாருங்கள், ஓடு தயார். குறுக்கே ஒருதரம் வெட்டி நடுவில் கனாஷோ ஜாமோ பூசிச் சேருங்கள். சீவின துண்டுகளை வீசவேண்டாம், அவைதான் தலையும் கையும் காலும். அவற்றை உதிர்த்து இரண்டு மூன்று கரண்டி கனாஷ் விட்டுப் பிசைந்தால் களிமண் பதத்தில் வரும், பிடித்த மாதிரி வளைக்கலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடலாமையின் முன்னிரண்டும் நீண்ட துடுப்பு, பின்னிரண்டும் குட்டை. குளத்து ஆமைமாதிரி நாலு உருண்டைக் கால் வைத்தால் புறாத்தீவில் நேரில் பார்த்த பிள்ளை "இது அது இல்லை" என்று சொல்லிவிடுவான். தலையையும் ஓட்டுக்குள்ளிருந்து நன்றாக வெளியே நீட்டி வையுங்கள், கடலாமைக்குத் தலையை உள்ளே இழுக்க முடியாது.

ஓட்டின் மேல் முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, அது உதிரும் தூளைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். பிறகு அரை சென்ரிமீற்றர் கனத்துக்கு இரண்டாவது பூச்சு. அது இறுகுகிற நேரத்தில் கத்தியின் முதுகுப் பக்கத்தால் கட்டங்களைக் கீறுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஐந்து, இரண்டு பக்கமும் நாலு நாலு, மொத்தம் பதின்மூன்று. பச்சை ஆமைக்கும் அழுங்காமைக்கும் ஓட்டின் பெரிய தகடுகள் அந்தக் கணக்கில்தான் இருக்கும். பிள்ளைக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டலாம், எண்ணிக்கை சரியாக இருந்தால் ஓடு தானாகவே உண்மையான ஓடுமாதிரி வரும், அதற்கு மேல் எந்த அலங்காரமும் தேவையில்லை. துடுப்புக்கும் தலைக்கும் மட்டும் 50 கிராம் பட்டர், 50 கிராம் மாஜரீன், 200 கிராம் ஐசிங் சீனி சேர்த்து அடித்த ஐசிங்கில் பச்சை ஒரு துளி விட்டுப் பூசுங்கள். மாஜரீன் சேர்ப்பது ருசிக்கில்லை, நம் சூட்டுக்கு. ரம்பை அரைத்த சாறு அரைத் தேக்கரண்டி விட்டாலும் மங்கலான பச்சை கிடைக்கும், அந்த வாசம் எனக்குப் பிடிக்கும், எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். கண்ணுக்கு இரண்டு முந்திரிகை வற்றல். தலையை நிறுத்த பல்லுக்குச்சியோ ஈர்க்கோ கம்பியோ குத்தவே கூடாது, வெட்டுகிற அவசரத்தில் ஒன்று உள்ளே தங்கிவிடும். நீள பிஸ்கட் குச்சி ஒன்றைக் குத்துங்கள், அதையும் சாப்பிடலாம். அதேபோல வெள்ளிநிறக் குண்டுமணி இனிப்பு, முழுக் கச்சான், முழுக் கஜு எதையும் இந்த வயதுப் பிள்ளைகள் வருகிற கேக்கில் வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

வீட்டில் பெரியவர்கள் ஆமை என்றவுடன் முகம் சுழிக்கக்கூடும். "ஆமை புகுந்த வீடு" என்ற பழமொழி நம் காதில் ஊறினது. போன வருடம் ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்த பிறகு அப்பம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பிள்ளையின் தாய்க்கு அழுகையே வந்துவிட்டது. விஷ்ணு எடுத்த கூர்ம அவதாரத்தை ஞாபகப்படுத்தினதும் அவர் இறங்கி வந்தார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது, பெரியவர்களின் மனம் நோகவும் கூடாது, ஆகவே இப்போதே ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அவர்கள் மறுத்தால் அதே கிண்ணக் கேக்கை அதே மண்ணிறத்தில் முள்ளெலியாகவோ, நிறத்தை மாற்றித் திமிங்கிலமாகவோ செய்யலாம், நம் கடலில் திமிங்கிலம் வருகிறதை அவனும் பார்த்திருப்பான் அல்லது பார்ப்பான். கோட்டைக்குள் நிற்கிற மான் வேண்டும் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். மெல்லிய கால் கேக்கில் நிற்காது. மானைத் தட்டையான கேக்கின் மேல் படமாகத்தான் வரையலாம்.

வருகிறவர்களைப் பற்றியும் யோசியுங்கள். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ முஸ்லிம் நண்பர்கள் வந்தால், மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலற்றின் சேர்ந்த மார்ஷ்மெல்லோ, ஜெலி போன்றவை ஹலால்தானா என்று பெட்டியைப் பார்த்து வாங்கவேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரருக்கும் அது ஆகாது. நான் மேலே சொன்ன கேக்கில் ஜெலற்றின் எங்கும் வராது. சில ஃபொண்டன்டில் அது சேர்ந்திருக்கும், அதுவும் ஃபொண்டன்ட் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு காரணம். முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் அவர்களுக்குக் கண்டென்ஸ்டு மில்க் போட்டுச் செய்கிற முட்டையில்லாக் கேக்கைச் சின்னக் கப்புகளில் தனியாகச் செய்து வையுங்கள், ஆமைக் குஞ்சுகள் என்று சொல்லி மணலில் அடுக்கலாம். பச்சை முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்கிற வெள்ளை ஐசிங்கைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், சல்மொனெல்லா என்ற கிருமி வேகாத முட்டையில் இருக்கலாம். வருகிற பிள்ளைகளில் யாருக்காவது பாலோ முட்டையோ கச்சானோ ஒத்துக்கொள்ளாது என்று தாய் சொன்னால், அந்த இடத்தில் என் அனுபவம் செல்லாது, வைத்தியர் அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னாரோ அதுதான்.

நாள் கணக்கு இப்படி. சனிக்கிழமை பிறந்தநாள் என்றால் வியாழன் விடியக் கேக், வியாழன் இரவு கனாஷ், வெள்ளி காலை சேர்த்துப் பூசுவது, வெள்ளி இரவு கட்டமும் துடுப்பும். மணலும் முட்டையும் சனி மத்தியானம் மட்டும், முதல் நாளே தூவினால் பிஸ்கட் தூள் நமுத்துவிடும். பலகைக்கு 14 அங்குல மட்டையோ பழைய வெட்டுப்பலகையோ வெள்ளிப் பேப்பர் சுற்றினால் போதும், ஆனால் உங்கள் ஃபிரிட்ஜுக்குள் போகுமா என்று இப்போதே அளந்து பாருங்கள். இரவு முழுக்க அட்டைப் பெட்டியில் மூடி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். 5 மணிக்கு வெட்டுவதென்றால் 4 மணிக்கு வெளியே எடுங்கள், பெட்டியைத் திறக்காமல் அப்படியே அரை மணி நேரம் வையுங்கள். வியர்வை பெட்டியின் மேல் படியும், கேக்கில் படியாது. பிறகு திறந்து, மின்விசிறிக் காற்றும் வெயிலும் நேரே படாத மேசையில் வையுங்கள். மண்டபத்துக்குக் கொண்டுபோவதென்றால் மடியில் வைக்காமல் வாகனத்தின் தரையில், அடியில் ஈரத்துணி விரித்து வையுங்கள், தரைதான் குறைவாக ஆடும்.

வெட்டும்போது ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கேக் இல்லை, அவனுடைய ஆமை. எல்லாரும் பாட்டுப் பாடி முடித்தவுடன் ஆமையின் கழுத்தில் கத்தி வைத்தால் பல பிள்ளைகள் வீரிட்டு அழுதுவிடுவார்கள், நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். மெழுகுதிரியை மணலில் குத்துங்கள், ஓட்டில் வேண்டாம். அணைத்த பிறகு, பிஸ்கட் குச்சியோடு தலையை மெதுவாகக் கழற்றி ஒரு தட்டில் வைத்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள். முட்டைகளை மற்றப் பிள்ளைகள் எடுக்கட்டும். அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நீங்கள் பின்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கலாம். முதலில் நடுவால் இரண்டாகப் பிளந்து, பிறகு ஒவ்வொரு பாதியையும் விரற்கடை அகலத்துக்குக் குறுக்கே வெட்டினால் இருபது இருபத்தைந்து துண்டு வரும். மிஞ்சினதை அன்றிரவே மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள்.